கடலை இல்லாத சாக்லேட் சிப்ஸ்

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள், பலசரக்குக் கடையில் ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை. மாட்டிக்கொண்டு ஒரு தடவை. வெளிச்சம் போதாமல் கடை வாசலுக்கு வந்து இன்னொரு தடவை.

கடைக்கார அண்ணாச்சி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“என்ன டீச்சர்... பரீட்சைக்கா படிக்கிய?”

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பரீட்சைதான் அண்ணாச்சி, ஃபெயிலானால் நேரே ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் முழுக்கதையும் சொல்லணும். முழுக்கதை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஜெனிக்கு நிலக்கடலை ஆகாது. கடலை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. முந்திரி, பாதாம், பிஸ்தா என்று அந்த வகையறா எதுவுமே ஆகாது. இரண்டு வயதில் பக்கத்து வீட்டில் யாரோ ஆசையாகக் கையில் கொடுத்த பாதிக் கடலை உருண்டையில் ஆரம்பித்தது. பத்தே நிமிஷத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. இன்றைக்கும் அந்த ரோட்டில் ஆட்டோ ஏறினால் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து நான் படிக்கிறேன். பிஸ்கட் பாக்கெட், மிக்சர் பாக்கெட், ஐஸ்கிரீம் டப்பா... இந்த ஏழு வருஷத்தில் நான் படித்த அளவுக்கு பி.எட்.டுக்குப் படித்திருந்தால் கோல்டு மெடல் வாங்கியிருப்பேன்.

அதுவும் எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில்! கல்யாண வீட்டுச் சட்னியில் கடலை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கையில் கடலைப் பொட்டலம். ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி போட்டுக் கடலை வறுக்கிறார்கள். எங்கே ஓட?

ஆலோசனைக்கும் குறைவில்லை. “கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க, சரியாப் போயிரும்” என்பார்கள். “நீங்க ரொம்பப் பயப்படுதிய” என்பார்கள். சர்ச் வாசலில் ஒருவர், வெயில் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்று கண்டுபிடித்தே சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். தலையாட்டுவதுதான் இருப்பதிலேயே சுருக்கமான பதில்.

சரி, சாக்லேட் சிப்ஸுக்கு வருகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிறந்தநாள் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் கலர் டிரஸ். கையில் ஒரு டப்பா. வகுப்பு முழுக்க ஒவ்வொரு பெஞ்சாகப் போய் மிட்டாய் கொடுக்கணும். இரண்டாம் வகுப்பு வரை ஜெனி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். அது அவளும் சாப்பிடக்கூடியது. மூன்றாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை, “உன் பர்த்டேக்கு எப்பவும் இந்த மிட்டாய்தானா?” என்று கேட்டுவிட்டது. போன வருஷம் ரோஷப்பட்டு சாக்லேட் கொடுத்தோம். நாற்பத்தொரு பேருக்கும் கொடுத்துவிட்டு, இவள் வெறுங்கையோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அழவெல்லாம் இல்லை. இந்த வருஷம் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்னால் என்னிடம் வந்து நின்றாள். ஒன்பது வயது ஆகப்போகிறது அல்லவா, பேச்சும் அதற்கேற்ற மாதிரி...

“எம்மா, இந்தத் தடவை நான் எல்லாத்துக்கும் எதக் குடுக்கேனோ அதையே நானும் திங்கணும். சாக்லேட் போட்டதா இருக்கணும்.”

மொபைலில் ஒரு வீடியோவையும் காட்டினாள். வட்டமான குக்கீஸ். மேலே சின்னச் சின்னப் பொட்டு மாதிரி சாக்லேட் சிப்ஸ். மைதா, சீனி, வெண்ணெய் எல்லாம் வீட்டில் இருக்கிறது. சிப்ஸ் மட்டும் வாங்கினால் போதும். இது ஒரு பெரிய விஷயமா, செய்துவிடலாம் என்று நான் வாய் விட்டுவிட்டேன்.

அந்த வாக்கைத் தூக்கிக்கொண்டுதான் பலசரக்குக் கடையில் நின்றேன். பாக்கெட்டின் பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில், ‘கடலை, முந்திரி வகைகள் இருக்கக்கூடும்’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. இருக்கக்கூடும் என்றால்? இருக்கா, இல்லையா? சொல்லித் தொலையேன்!

“இத வைங்க டீச்சர், இந்தா இத எடுத்துட்டுப் போங்க” என்று அண்ணாச்சி ஒரு பாலித்தீன் பொட்டலத்தை நீட்டினார். நூறு கிராம், வாயில் ஸ்டேப்ளர் பின். “கம்பெனி பாக்கெட்டு ஒரு கிலோல்லா வருது. யாரு வாங்குவா? அதான் நாங்களே பிரிச்சுக் கட்டுதோம். இதுல எழுத்தே கெடையாது. படிக்கவே வேண்டாம்!”

எங்கே பிரித்துக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே காட்டினார். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு தகரக் கரண்டி. தராசுக்கு இடப்பக்கம் முந்திரி. வலப்பக்கம் வறுகடலை. நடுவில் சாக்லேட் சிப்ஸ்.

“அண்ணாச்சி, இதுல கடலை பட்டிருக்குமே...”

“கடலையா? ஒண்ணுகூடக் கெடையாது. நானே தின்னு பாத்துட்டுல்லா சொல்லுதேன்!”

“இல்ல, அந்தக் கரண்டி...”

கரண்டியை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் பளிச்சென்று துடைத்து, “இப்ப?” என்றார்.

நல்ல மனுஷர். அவரிடம் என்னத்தைச் சொல்ல? அரைக்கிலோ சீனி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ சீனி இருந்தது.

அப்புறம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய கடை. மூன்று கம்பெனி சிப்ஸ் அடுக்கியிருந்தார்கள். மூன்றிலும் ‘இருக்கக்கூடும்’. ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். கால் மணி நேரம் மியூசிக். கடைசியில் ஒரு குரல் வந்து, “லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதான் மேடம்” என்றது. நன்றி.

ஆன்லைனில் வெளிநாட்டுச் சரக்கு ஒன்று கிடைத்தது. கடலை கிடையாது, முந்திரி கிடையாது, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. போட்டேன். ஆறாம் நாள் வந்தது. நம் ஊர் வெயிலில் எந்த வேனில், எத்தனை நாள் கிடந்ததோ... பிரித்தால் சிப்ஸ் இல்லை, ஒரே செங்கல். கத்தி வைத்து வெட்டிப் பார்த்தேன். கவர் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது வேறு. தூக்கிப் போட்டேன்.

பிறந்தநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஜெனி தினமும் ஸ்கூல் பை இறக்குவதற்கு முன்னாலேயே, “கிடைச்சிட்டா?” என்பாள். நான் “தேடுதேன்” என்பேன். உண்மையைச் சொல்கிறேன், திங்கட்கிழமை அவள் வருகிற நேரத்துக்கு நான் வேண்டுமென்றே குளிக்கப் போய்விட்டேன். அந்த ஒரு கேள்வியைத் தள்ளிப்போட!

அன்றைக்கே, என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் எங்கேயோ பிடித்து ஒரு நம்பர் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. நம்பிக்கை இல்லாமல்தான் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். மனப்பாடம் ஆகிவிட்ட என் கதையை ஒப்பித்தேன்.

“தெரியுங்க, தெரியுங்க. எங்க ஓனரம்மா பையனுக்கே ஆகாதுங்க” என்றார். “கடலை, முந்திரி, பாதாம் எதையும் யூனிட்டுக்குள்ளயே விடறதில்லீங்க. நாங்க டிபன் பாக்ஸ்ல கடலைச் சட்னிகூடக் கொண்டு வரக்கூடாதுங்கன்னா பாத்துக்கோங்களேன்!”

அந்தக் கடலைச் சட்னியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாருடைய சட்னிக்காகவாவது வாழ்க்கையில் அழுதிருக்கிறீர்களா?

உருகாமல் இருக்க ஏ.சி. பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த வாரம் அனுப்ப அவர்களிடம் ஒரே ஒரு அரைக்கிலோ பாக்கெட்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பிறந்தநாள். வியாழக்கிழமை காலையில் வீட்டுக்காரர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தெர்மோகோல் பெட்டியை வாங்கி வந்தார். வாசலிலேயே சத்தம்.

“ஏட்டி ஜெனி, வந்துட்டுட்டி உன் சிப்ஸு!”

அவள் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருக்கணும் இல்லையா? வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. இந்த அறிவிப்பை நம்பி யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஐந்து என்பார்கள், ஏழு ஆகும். என் சின்ன மின்சார அடுப்பில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு குக்கீஸ்தான் வைக்கலாம். நாற்பத்தொரு பிள்ளைகள், இவள், இரண்டு டீச்சர்மார். ஒரு பிள்ளைக்கு இரண்டு கொடுக்க வேண்டாமா என்று இவள் கணக்கு வேறு...

இங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாளையங்கோட்டைக்காரர்களுக்குத்தான் வரும்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் நெருங்கினால் முட்டை, வெண்ணெய், சீனி, பழம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். அங்கேயே கேக் அடித்து, அவர்கள் விறகடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். யார் வீட்டு டின் எது என்று பேர் ஒட்டி வரிசையாக அடுக்கியிருக்கும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எனக்கு ஒரே பேக்கரிதான். அந்தப் பேக்கரி அண்ணாச்சி எந்த மாதத்தில் போய் நின்றாலும் மறுக்கமாட்டார்.

பேக்கரி அடுப்பில் வைப்பது சரியா என்று கேட்கிறீர்களா? கேட்கணும். வேறு யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். நம் தட்டு, நம் பேப்பர், நம் கரண்டி, மாவையும் வீட்டிலேயே உருட்டிக்கொண்டு போகிறோம், வெறும் சூடு மட்டும்தானே அவர்களுடையது... இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் பேக்கரியில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியடுக்குத்தான் பெர்மிஷன். “அண்ணாச்சி, பாப்பாவுக்கு நாளைக்குப் பொறந்தநாள். இத மட்டும் வேகவச்சுத் தாங்க. அவளுக்குக் கடலை ஆகாது, பாத்துக்கோங்க” என்றேன்.

“நீங்க போயிட்டு வாங்க டீச்சர். நானே நின்னு பாத்துக்கிடுதேன்.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன். அண்ணாச்சி தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்து எனக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பொன்னிறத்தில், விளிம்பு லேசாக முறுகி, பார்க்கவே அத்தனை லட்சணம். ஒவ்வொன்றின் நடுவிலும் பாதி முந்திரிப் பருப்பு.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முந்திரியேதான்.

“மொட்டையா இருந்துது டீச்சர். பாப்பா பொறந்தநாளாச்சே. அதான் நம்ம கணக்குல...”

“அண்ணாச்சி... அவளுக்கு ஆகாதுன்னு சொன்னேனே...”

“கடலைதானே ஆகாதுன்னிய? இது முந்திரில்லா!”

ஆமாம். கடலை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக ஆயிரம் தடவை ஒப்பித்த பட்டியலை, அவசரத்திலும் அலுப்பிலும் பாதியில் நிறுத்திவிட்டேன். அதுவும் எந்த ஒரு இடத்தில் முழுசாகச் சொல்லியிருக்கணுமோ, அந்த இடத்தில். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, அழுதுவிட்டேன்.

அண்ணாச்சி பதறிப்போனார். முந்திரியும் ஆகாது, பாதாமும் ஆகாது, பட்டால் மூச்சு முட்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அப்புறம் பையக் கேட்டார்.

“அப்போ... கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் பாப்பாவுக்குன்னு தனியா ஒரு சின்னக் கேக்கு, மேல முழு முந்திரியா வச்சுக் குடுத்து விடுவேனே... அத யாரு திம்பா?”

“நாங்கதான் அண்ணாச்சி. நானும் அவங்களும்.”

“பாப்பா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா டீச்சர்...”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை? ஆசையாகக் கொடுக்கிறவர் முகம் வாடும். விளக்கம் கேட்பார். கொடுத்துப் பழக்குங்க என்பார். எதற்கு வம்பு என்று ஒவ்வொரு வருஷமும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்திருக்கிறேன். பகையாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிரியமானவர்களிடம் சொல்லத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி சொன்னதைக் கேளுங்கள்.

“அப்படின்னா எங்க அடுப்புலயே வைக்கக் கூடாதுல்லா டீச்சர்? நேத்துப் பூரா முந்திரிக் கேக்குதான் வெந்துச்சு. இந்த மேசையில கை வச்சா முந்திரித் தூளு ஒட்டும். முந்திரி வைக்காம இருந்திருந்தாலும் இதப் பாப்பாவுக்குக் குடுத்திராதீங்க.”

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை ஒரே பேச்சில் உடைத்துவிட்டார். இந்த ஏழு வருஷத்தில், ஆலோசனை சொல்லாமல், சிரிக்காமல், முதல் தடவையிலேயே முழுசாகப் புரிந்துகொண்ட ஆள் அவர்தான். புரியாது என்று முடிவு கட்டி, அவரிடம்தான் நான் சொல்லாமலே இருந்திருக்கிறேன்!

முந்திரி குக்கீஸை எங்கள் ஸ்டாஃப் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் காலி. ரொம்பப் பிரமாதமாக இருந்ததாம். நான் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் ஜெனியிடம் சொன்னேன். பையைப் பிடித்தபடியே நின்றாள். உதடு துடித்தது. அப்புறம் பெரிய மனுஷி மாதிரி, “சரிம்மா. ஆரஞ்சு மிட்டாயே குடுத்துருவோம்” என்றாள். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். காலையில் தாராளமாக அள்ளிப் போட்டது போக, அடியில் கொஞ்சம் சிப்ஸ் கிடந்தது. கீழே கொட்டி இருவரும் எண்ணினோம். நாற்பத்துநாலு குக்கீஸ், ஆளுக்கு ஒன்று, ஒன்றுக்கு நாலு சிப்ஸ். சரியாக வந்தது, இரண்டு மிச்சம்கூட. ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. மின்வாரியத்துக்கு என் வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொன்னேன். பேக்கரிக்குப் போன தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அடுப்போடு வந்த தட்டில் நான் மாவை உருட்டி வைக்க, அவள் ஒவ்வொன்றிலும் நாலு சிப்ஸை அளந்து அளந்து பதித்தாள். ஒன்றில் ஐந்து விழுந்துவிட்டது என்று தோண்டி வேறு எடுத்தாள். நாலு தடவை அடுப்பில் வைத்து எடுத்து முடித்தபோது எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

வெள்ளிக்கிழமை கலர் டிரஸ்ஸில், டப்பாவோடு போனாள். நான் பாடம் நடத்தின லட்சணத்தை என் வகுப்புப் பிள்ளைகளிடம்தான் கேட்கணும். போனைப் பார்ப்பதும் கரும்பலகையைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

நாலரைக்கு வந்தாள். டப்பா காலி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உதடு, கண், கழுத்து எல்லாம்.

“எல்லாரும் தின்னாங்களாட்டி?”

“ம்ம். நானும் தின்னேன். எல்லாரும் ஒண்ணாத் தின்னோம்.”

“எப்படி இருந்துச்சு?”

கொஞ்சம் யோசித்தாள்.

“நல்லாவே இல்லம்மா. சிப்ஸு கசக்குது.” சொல்லிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். “ஆனா எல்லாத்துக்குந்தான் கசந்துச்சு!”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும்.